களவெட்டியில் சொன்ன கதை

ஒரு நல்ல சிறுவர் நாவல் போதும், ஒரு பிள்ளையின் வாழ்க்கையையே மாற்றிவிடும் என்று எங்களுக்குப் படிப்பித்த சேர் பேசினார். எங்கள் பழைய பள்ளிக்கூடத்து விழா அது. நடுவில் ஒலிபெருக்கி இரண்டு தரம் நின்றுபோனது. அவர் நிற்கவில்லை. உலகமெல்லாம் பிள்ளைகள் படித்துக் கொண்டாடிய அந்த மாயக்கதைப் புத்தகத்தை இந்த வன்னிக் காட்டுக்குள் முதன்முதலாகக் கொண்டுவந்தவர் தான்தான் என்றார். அதன் செல்வாக்கு இன்றைக்கும் அழியவில்லை என்றார். மலைநாட்டிலிருந்து உடுத்த துணியோடு வந்த ஒரு சிறுமி அந்தக் கதையின் நாயகியாக நின்று நடித்த நாளை மறக்கமுடியாது, அன்று அந்தப் பிள்ளையின் கண்களில் ஒரு புது உலகம் திறந்தது என்று சொல்லிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அந்தச் சிறுமி நான்தான். நாலாவது வரிசைக் கதிரையில் இருந்தேன். அவர் என்னைக் கைகாட்டவில்லை. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். தட்டாமல் இருந்தால் இந்தப் பெண்ணுக்கு இலக்கியம் விளங்காது என்று நினைப்பார்கள்.

புத்தகம் என் வாழ்க்கையை மாற்றியது உண்மைதான். எப்படி மாற்றியது என்பதை மட்டும் அவர் சொல்லாமல் விட்டுவிட்டார். அதை நான் சொல்லுகிறேன்.

எழுபத்தேழுக் கலவரத்தில், தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்த லயத்து வீடுகளைக் கொளுத்தினார்கள். அப்பா, அம்மா, நான் என்று மூன்று பேரும் லொறி ஏறி, வவுனியாவில் ஒரு மண்டபத்தில் சில மாதம் கிடந்து, கடைசியில் கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு குளத்தடிக் கிராமத்துக்கு வந்து சேர்ந்தோம். அங்கே ஒரு கமக்காரர் அப்பாவை வயல் வேலைக்கு எடுத்தார். அவருக்கு வயல் இருந்தது, உழவு மெசின் இருந்தது, கோயிலிலும் பள்ளிக்கூடத்திலும் முன்வரிசைக் கதிரை இருந்தது. எங்களுக்கு அவருடைய வாழைத் தோட்டத்து மூலையில் ஒரு கொட்டில் கிடைத்தது.

அப்பாவுக்கு அவர் ஒரு வாக்கும் கொடுத்திருந்தார். "ரெண்டு போகம் ஒழுங்கா நிண்டு வேலை செய் பாப்பம். பிறகு குளத்துக்குக் கீழை கிடக்கிற துண்டை உனக்கு வாரத்துக்குத் தாறன். மேட்டிலை ஒரு வீட்டையும் போட்டுக்கொண்டு இரு" என்றார். வாரம் என்றால் விளைச்சலில் அவருக்கு ஒரு பங்கு, எங்களுக்கு ஒரு பங்கு. பரம்பரை பரம்பரையாக அடுத்தவன் தோட்டத்தில் கொழுந்து கிள்ளிய குடும்பத்துக்கு, 'என் வயல்' என்று பாதி வாயாலாவது சொல்லக் கிடைத்த முதல் சந்தர்ப்பம் அது. அப்பா பின்னேரங்களில் அந்தத் துண்டைச் சுற்றி நடப்பார். சரிந்த வரப்பைக் கண்டால் மண்ணள்ளிப் போட்டு மிதிப்பார். இன்னும் கைக்கு வராத வயலுக்கு வரப்புக் கட்டிய ஒரே மனிதர் அந்த ஊரில் அவர்தான் என்று அம்மா பகிடி பண்ணுவாள்.

இரண்டாவது போகத்து அறுவடை முடிந்து, சூடு அடித்து நெல்லைப் பிரிக்கும் நாள் வந்தது. அந்தச் சூடு அடித்து நெல் வீடு போய்ச் சேர்ந்தால் துண்டு எங்களுக்கு.

வன்னியில் சூடு அடிக்கிற களவெட்டி சும்மா ஓரிடமல்ல. அங்கே நடப்பதற்கு ஒரு முறை, பேசுவதற்கு ஒரு முறை. நெற்குவியலைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத கூளிகள் காத்திருக்கும், வாய் தவறினால் நெல்லை வாரிக்கொண்டு போய்விடும் என்பது அந்த மண்ணின் நம்பிக்கை. நெல்லைப் பொலி என்பார்கள். கடகப் பெட்டியைப் பெருவாயன் என்பார்கள். 'இல்லை' என்றோ 'காணாது' என்றோ 'முடிஞ்சுது' என்றோ ஒருவரும் சொல்லமாட்டார்கள். எதைக் கேட்டாலும் 'பெருகுது' என்றுதான் பதில். மாடு போய் உழவு மெசின் வந்து, அது புகை கக்கிக்கொண்டு சூட்டை மிதித்துச் சுற்றிய காலத்திலும் பேச்சு முறை மட்டும் மாறவில்லை. கூளிக்கு மெசின் பயமில்லை போலும்.

நாங்கள் வந்தேறிகள். முதல் போகத்தில் அம்மா ஒரு தடவை "தண்ணி முடிஞ்சிருச்சிங்க" என்று சொல்லிவிட்டாள். களத்தில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்த பார்வையில் அவளுக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. அதற்குப் பிறகு நாங்கள் அந்தப் பேச்சைப் பாடமாக்கினோம். அப்பாவுக்குக் கூளியில் நம்பிக்கை கிடையாது. "நம்ம ஊரு பேயே நம்மள காப்பாத்தல, இந்த ஊரு பேயி என்னா செய்யப்போகுது" என்று கொட்டிலுக்குள் இருந்து சிரிப்பார். களத்தில் சிரிக்கமாட்டார். அடுத்தவன் களத்தில் அடுத்தவன் முறைப்படி நிற்பதுதான் பிழைக்கிற வழி என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

சேருக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ளவேண்டிய தேவையும் அவருக்கு வரவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். சைக்கிளைத் தினமும் துடைப்பார், காற்சட்டை மடிப்புக் குலையாது. எங்களையெல்லாம் இருட்டிலிருந்து மீட்க வந்தவர்போல வகுப்புக்குள் நுழைவார். பள்ளிக்கூடத்துக்கென்று ஓர் அலுமாரி நிறையப் புத்தகம் வந்திருந்தது. புத்தகங்கள் அலுமாரிக்குள் இருந்தன, அலுமாரிப் பூட்டின் திறப்பு சேரின் இடுப்பில் தொங்கியது. மாணவர் கை பட்டால் பக்கம் கிழியுமாம். அதனால் வெள்ளிக்கிழமைகளில் அவரே ஒரு புத்தகத்தை எடுத்து எங்களுக்கு வாசித்துக் காட்டுவார்.

அந்தப் புத்தகம்தான் இது. எந்தத் தேசத்திலோ எழுதப்பட்டு, எத்தனையோ பாஷைகளில் ஓடி, யாரோ ஒரு புண்ணியவான் தமிழாக்கி, அட்டை கழன்று எங்களிடம் வந்து சேர்ந்த மாயக்கதை. பச்சைக் கம்பளித் தொப்பி போட்ட ஓர் அநாதைப் பெண்பிள்ளை மா அரைக்கும் ஆலைக்குள் ஒளிந்திருந்து, மாப்பெட்டிக்குள் இறங்கி, இன்னொரு நாட்டுக்குப் போய்விடுகிறாள். அந்த நாட்டில் களஞ்சியம் தானாக வெறுமையாகிக்கொண்டே போகிறது. கண்ணுக்குத் தெரியாத பசியர்கள் என்று ஒரு கூட்டம் தானியத்தை அள்ளிக்கொண்டு போகிறது. அரசன் படையை விட்டுப் பார்க்கிறான், மந்திரவாதியை விட்டுப் பார்க்கிறான். ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில் அந்தப் பெண்பிள்ளை குவியலின்மேல் ஏறி நின்று, 'பசித்தவர்களே வாருங்கள்! இந்தக் குவியல் உங்களுடையது! வேண்டிய மட்டும் அள்ளிச் செல்லுங்கள்!' என்று கூப்பிடுகிறாள். அதுவரை ஒருவரும் அவர்களை அழைத்ததில்லையாம். வெட்கப்பட்டு ஆளுக்கொரு பிடி தின்றுவிட்டுப் போய்விடுகிறார்களாம். நாடு செழித்ததாம். அன்பு வென்றதாம்.

கதை எனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னால் பொய். பிடித்தது. மாப்பெட்டிக்குள் இறங்கும் இடத்தில் எனக்கு மூச்சு நின்றது. எனக்கு இன்றைக்கும் எரிச்சல் தருவது அதுதான்.

அந்த ஊரில் சூடு அடிக்கும் நாளில் கோயிலுக்கு, துணி வெளுக்கும் கட்டாடிக்கு, வைத்தியம் பார்க்கும் பரியாரிக்கு என்று அவரவர் பங்கைக் களத்திலேயே வைத்துக் கொடுப்பார்கள். பள்ளிக்கூடத்துக்கும் ஒரு மூடை தருவதாகக் கமக்காரர் சொல்லியிருந்தார். சேருக்கு அதைச் சும்மா போய் வாங்கி வர மனமில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், களத்தில் ஒரு காட்சி நடித்துக் காட்டி, கலையும் கமமும் கைகோத்தன என்று சொல்லி வாங்கவேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை. காட்சி எது என்று நீங்கள் ஊகித்திருப்பீர்கள். நாயகி நான். மலையின் ஒரு பக்கத்தில் நின்று மறுபக்கத்துக்குக் கூப்பிட்டுப் பழகிய சனத்தின் பிள்ளை, சத்தம் கணீரென்று வரும் என்று என்னைத் தெரிந்தெடுத்தார்.

நான் அவரிடம் சொன்னேன். ஒத்திகையிலேயே சொன்னேன்.

"சேர், களத்தில நின்னு அப்படிக் கூப்பிடக் கூடாதாம்."

"ஆர் சொன்னது?"

"எல்லாரும் சொல்றாங்க சேர். கூளி வந்துருமாம்."

அவர் சிரித்தார். மற்றப் பிள்ளைகளையும் பார்த்துச் சிரித்தார், அவர்களும் சிரிக்கட்டும் என்று. "கூளியும் இல்லை, கீளியும் இல்லை. உந்த மூடநம்பிக்கையளை ஒழிக்கத்தானே நான் வந்திருக்கிறன். நீர் பயப்பிடாமல் வடிவாச் சத்தமாச் சொல்லும். கற்பனைக்குக் கால்கட்டுப் போடக்கூடாது."

கண்ணுக்குத் தெரியாமல் வந்து தானியத்தைத் திருடுகிற பசியர்கள் கற்பனை. கண்ணுக்குத் தெரியாமல் வந்து தானியத்தைத் திருடுகிற கூளிகள் மூடநம்பிக்கை. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று நான் பல வருஷம் யோசித்திருக்கிறேன். ஒன்று அச்சில் ஏறிக் கப்பலில் வந்தது, மற்றது அந்த மண்ணிலேயே கிடந்தது. வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் களத்துக்குப் போனது பின்னேரம். மெசின் ஓய்ந்து, வைக்கோல் தட்டி, தூற்றிய நெல் நடுவில் குவிந்து கிடந்தது. குவியலின்மேல் வேப்பங்குழையும் ஒரு அரிவாளும் வைத்திருந்தார்கள். கமக்காரர் சால்வையோடு நின்றார். அப்பா வைக்கோலை ஒதுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. தன் பிள்ளையைச் சேர் முன்னுக்கு நிறுத்துகிறார் என்பதில் அவருக்குப் பெருமை.

சேர் என் தலையில் பச்சைத் துணியைக் கட்டி, குவியலுக்கு முன்னால் நிறுத்தினார். நல்ல வேளையாக மேலே ஏறச் சொல்லவில்லை. நான் ஒரு தரம் அப்பாவைப் பார்த்தேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, புத்தகத்தில் இருந்தபடி, சேர் பழக்கியபடி, இரண்டு கையையும் அகல விரித்துக் கூப்பிட்டேன். வாருங்கள். உங்களுடையது. வேண்டிய மட்டும் அள்ளிச் செல்லுங்கள்.

கண்ணைத் திறந்தபோது நெல் தூற்றும் சுளகு பிடித்திருந்த ஒரு பெண் அதைக் கீழே போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஒருவரும் அசையவில்லை. சேர் ஒருவர்தான் கைதட்டினார். "எப்பிடி?" என்று கமக்காரரைக் கேட்டார். கமக்காரர் படித்த மனிதருக்கு மரியாதை கொடுக்கத் தெரிந்தவர். "நல்லாயிருக்குது சேர்" என்றார். மூடையைக் கட்டிச் சைக்கிளில் ஏற்றிக்கொடுத்தார். சேர் சைக்கிளை உருட்டிக்கொண்டு அணைக்கட்டைத் தாண்டும்வரை கமக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"எடேய், உன்ரை பெட்டை செய்த வேலையைப் பாத்தியோ? நான் பொலி பொலி எண்டு கும்பிட்டுக்கொண்டு நிக்கிறன், அவள் கூளியை வா, வந்து அள்ளு எண்டு கூவி அழைக்கிறாள்!"

"ஐயா, அது புஸ்தகத்துல உள்ளதுங்க. சாரு சொல்லிக் குடுத்ததுங்க."

"சேரிலை பழியைப் போடாதை. அவர் படிச்ச மனிசன். தோட்டக்காட்டுச் சனத்தைக் களத்திலை விட்டது என்ரை பிழை."

நெல்லை அளந்தபோது குறைந்தது. குறையாமல் என்ன செய்யும்? கதிர் வருகிற நேரத்தில் குளத்துத் தண்ணீர் முறைக்காக அடுத்த வயல்காரரோடு சண்டை பிடித்து, கோபத்தில் கூட்டத்துக்கே போகாமல் இருந்து, தண்ணீரைக் கோட்டைவிட்டவர் கமக்காரர்தான். பாதிக் கதிர் பதர். தூற்றும்போதே பறந்தது, களத்தில் நின்ற எல்லோரும் பார்த்தார்கள். ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆனால் தண்ணீரை விட்டவன் நான் என்று சொல்வதைவிட, தோட்டக்காட்டுப் பெட்டை கூளியை அழைத்தாள் என்று சொல்வது அவருக்கு எவ்வளவு சுகம்! ஊருக்கும் அதுதான் நல்ல கதையாக இருந்தது.

துண்டைப் பற்றிக் கேட்டபோது "பாப்பம்" என்றார். அடுத்த உழவுக்கு முன் சொல்கிறேன் என்றார். அப்பா சேரிடம் போனார். நானும் கூடப் போனேன். ஒரேயொரு சொல் போதும், பிள்ளை தானாகச் சொல்லவில்லை, நான்தான் சொல்ல வைத்தேன் என்று ஐயாவிடம் சொல்லிவிடுங்கள் என்று கும்பிட்டுக் கேட்டார். சேர் அப்பாவின் தோளைத் தட்டினார். "நீர் யோசியாதையும். நான் கதைக்கிறன்" என்றார்.

அவர் எதைத்தான் கதைக்கவில்லை? திருவள்ளுவரைக் கதைத்தார், விண்வெளியைக் கதைத்தார், வாசிப்புப் பழக்கத்தைக் கதைத்தார். கமக்காரரோடு கோயில் வாசலில் நின்று மணிக்கணக்காகக் கதைத்தார். எங்களைப் பற்றி மட்டும் கதைக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு ஓட்டுக்கூரை போடக் கமக்காரர் மரம் தருவதாகச் சொல்லியிருந்தார் என்பது பிறகு தெரியவந்தது.

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வந்தது. அம்மாளிடம் கூட்டிப்போனால் பிள்ளையின் வாய்த்தோஷம் கழியும் என்று கமக்காரரின் மனைவி சொன்னாவாம். அம்மா என்னைத் தலை முழுக வார்த்துக் கூட்டிப்போனாள், அப்பாவும் வந்தார். கடல் தண்ணீரை ஊற்றி அம்மன் விளக்கு எரியும் தலம் அது. அம்மனைப் பற்றி எனக்கு ஒரு குறைச்சொல்லும் கிடையாது. நானும் கும்பிட்டேன், இன்றைக்கும் கும்பிடுகிறேன். என் பேச்சு அங்கே நின்ற ஒருவரைப் பற்றித்தான். எங்களுக்கு முன்னால், மேலில் சட்டையில்லாமல், இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பிக்கொண்டு, கண்ணால் நீர் வழிய "தாயே! தாயே!" என்று நின்றவர் சேர். பக்கத்தில் கமக்காரர். உப்புத் தண்ணீரில் விளக்கு எரிவதைக் கண்டு உருகலாம், அதில் பிழையில்லை. ஆனால் அதே கையால் எங்கள் பயத்தை மூடநம்பிக்கை என்று எப்படித் தட்டிவிட்டார்? ஊருக்கடி உபதேசம், உனக்கல்லடி கண்ணே.

அப்பா அந்தச் சந்தர்ப்பத்தை விடவில்லை. தாயின் முன்னால் பொய் வராது என்று நினைத்தாராக்கும். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் இருவருக்கும் முன்னால் நின்றார்.

"சார், ஐயா இருக்காங்க. நீங்களே சொல்லிருங்க சார். அன்னைக்கு புள்ள சொன்னது புஸ்தகத்துல உள்ளதுதானே?"

சேர் என்னைப் பார்த்தார். கமக்காரரைப் பார்த்தார். நெற்றித் திருநீற்றை ஒருக்கால் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"புத்தகத்திலை ஒரு கதை இருக்குத்தான்" என்றார். "ஆனா அப்பிடிக் கூவி அழைக்கச் சொல்லி இல்லை. பிள்ளை உற்சாகத்திலை கொஞ்சம் சேத்துச் சொல்லிப்போட்டுது. சின்னப்பிள்ளைதானே, ஐயா மன்னிச்சு விடுங்கோ."

என்ன பெருந்தன்மை பாருங்கள், எனக்காக மன்னிப்புக்கூடக் கேட்டார். கமக்காரர் தலையை ஆட்டினார். அவர் எதிர்பார்த்ததும் அதுதான். நான் "இல்லை" என்று கத்தினேன். பறைமேளச் சத்தத்தில் அது எடுபடவில்லை. அப்பா மட்டும் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். அடிக்கிற பார்வையில்லை, ஏசுகிற பார்வையுமில்லை. கணக்குப் பார்ப்பதுபோல ஒரு பார்வை. படித்த ஒரு மனிதர் சொல்கிறார், பதினொரு வயதுப் பிள்ளை மறுக்கிறது. யாரை நம்புவது?

"நீயா சேத்து சொன்னியா புள்ள?" என்று வழியில் கேட்டார்.

"இல்லப்பா. சத்தியமா இல்ல. புஸ்தகத்தில இருக்கு."

"ம்" என்றார்.

துண்டு வேறொருவருக்குப் போனது. உழவுக்கு முன்னரே கொட்டிலையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். புறப்படும் அன்று சேர் சைக்கிளில் வந்தார். மனச்சாட்சி குத்தியதோ, அல்லது நல்ல பெயரோடு வழியனுப்பவேண்டும் என்று நினைத்தாரோ தெரியாது. அந்தப் புத்தகத்தையே பேப்பரில் சுற்றி என் கையில் வைத்தார். "நல்லா நடிச்சதுக்குப் பரிசு. வாசிப்பை விட்டுடாதையும்" என்றார். வயல் போன இடத்தில் புத்தகம் வந்தது. நல்ல பண்டமாற்று.

அதை நான் வாங்கியதற்கு ஒரே காரணம் இருந்தது. லொறிக்காகக் காத்துக் கிடந்த இடத்திலேயே பிரித்து, அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து, அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். 'பசித்தவர்களே வாருங்கள்! இந்தக் குவியல் உங்களுடையது! வேண்டிய மட்டும் அள்ளிச் செல்லுங்கள்!' ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே விரலை வைத்துக் காட்டினேன். இங்கே பாருங்கப்பா, இந்த எழுத்து, இந்தச் சொல், எல்லாம் இருக்கு. அப்பா குனிந்து என் விரல் போன வழியெல்லாம் பார்த்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது. தோட்டத்தில் சம்பளத்துக்குக் கைநாட்டு வைத்தவர். நான் இருப்பதைப் படிக்கிறேனா, இல்லாததைச் சேர்த்துப் படிக்கிறேனா என்று அவருக்கு எப்படித் தெரியும்? அம்மாவுக்கும் தெரியாது. எங்களைச் சுற்றி அன்று நின்ற ஒருவருக்கும் தெரியாது.

"நல்லாத்தான் படிக்கிற" என்றார்.

அந்த ஒரு சொல்லுக்காக அன்றைக்கு அந்தப் புத்தகத்தை அடுப்பில் வைத்திருக்கவேண்டும். வைக்கவில்லை. பிறகு அதைக் கறையான் தின்றது. கறையானுக்கு உலகப் புகழ் பெற்ற புத்தகமும் ஒன்றுதான், வைக்கோலும் ஒன்றுதான்.

சில வருஷம் நெளுக்குளத்தில் கூலி வேலை செய்து அலைந்தபின், ஜெயபுரத்தில் எங்களைப் போன்ற சனம் காடு வெட்டிக் குடியேறுவதாகக் கேள்விப்பட்டு அங்கே போனோம். யானைக்கும் பாம்புக்கும் நடுவில் அப்பா மரம் வெட்டி, வேர் கிளப்பி, ஒரு வயல் எடுத்தார். வானம் பார்த்த வயல்தான், ஆனாலும் அதற்கு வரப்புக் கட்டியபோது யாரும் பகிடி பண்ணவில்லை. முதல் விளைச்சலில் சூடு அடிக்க நாள் பார்த்தார்கள். எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லமுடியாது. எங்கள் களம், எங்கள் நெல், அதைத் தூற்ற என் கையில் சுளகு. முதல் நாளே சுளகுக்குச் சாணி மெழுகிக் காயவைத்தேன்.

விடிந்ததும் அப்பா வாசலில் வந்து நின்றார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார், தலையில் துண்டு.

"நீ வீட்டுலயே இரு புள்ள. சோறாக்கு. களத்துப் பக்கம் வரவேணாம்."

"ஏம்பா?"

"வேணாம்னா வேணாம்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்.

கொட்டிலுக்குள் இருந்து கூளியைப் பகிடி பண்ணிய மனிதர் அவர். இப்போது குவியலின்மேல் வேப்பங்குழை வைத்தார், அரிவாள் வைத்தார், கடகத்தைப் பெருவாயன் என்றார், வாய் தவறி 'இல்லை' என்ற பக்கத்து வீட்டுக்காரரைக் களத்தை விட்டு அனுப்பினார். அந்த ஊர் கமக்காரர்கூட அவ்வளவு கடுமையாக இருந்ததில்லை. அம்மா தூற்றினாள், அயல் பெண்கள் தூற்றினார்கள். நான் குசினிக்குள் நின்றேன். ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான். மற்ற நாளெல்லாம் வயலுக்கு வரலாம், நாற்று நடலாம், களை பிடுங்கலாம், அரிவி வெட்டி அறுவடையும் செய்யலாம். சூடு அடிக்கும் நாளில் மட்டும் நான் ஆகாதவள்.

எனக்குக் கல்யாணமான பிறகும் அது மாறவில்லை. அம்மாவுக்கு முட்டியில் நீர் கட்டி எழும்பமுடியாமல் கிடந்த வருஷம், ஆள் இல்லாமல் அப்பா தடுமாறினார். இந்த முறையாவது கூப்பிடுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கூலிக்கு இரண்டு பெண்களைப் பிடித்தார். நான் சோற்றைக் கட்டிக்கொண்டு வேண்டுமென்றே களத்தை நோக்கி நடந்தேன். தூரத்திலேயே கண்டுவிட்டார். ஓட்டமும் நடையுமாக வரம்புக்கு வந்து வழியை மறித்து நின்றார். "அங்கனயே நில்லு புள்ள" என்றார். சோற்றை வாங்கி, வரம்பில் குந்தி, எனக்கு முன்னாலேயே சாப்பிட்டார். அவருக்கு மூச்சு வாங்கியது. தலை நரைத்துவிட்டது. இத்தனை வருஷமும் திரும்பப் பேசாமல் வைத்திருந்ததை அப்போதுதான் சொன்னேன்.

"அப்பா, அன்னைக்கு நான் ஒன்னும் சேத்து சொல்லலப்பா. அந்தாளு சொன்னது பொய்."

அவர் கையைக் கழுவினார். துண்டில் துடைத்தார்.

"தெரியும் புள்ள. எனக்கு எப்பவோ தெரியும்" என்றார். "நீ அப்படிச் சொல்ற புள்ள இல்ல."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படியானால் நான் வரட்டுமா என்று கேட்டேன்.

அவர் எழுந்து, கிண்ணத்தை என் கையில் தந்து, என் தலையில் கையை வைத்தார். அன்பாகத்தான் வைத்தார்.

"சேத்து சொன்னியோ, சேக்காம சொன்னியோ. கூப்பிட்டது உன்னோட குரலு தானே" என்றார். "அதுங்களுக்குப் புஸ்தகமெல்லாம் தெரியாதும்மா. குரலுதான் தெரியும்."

திரும்பிக் களத்துக்குப் போனார். நான் வரம்பிலிருந்தே பார்த்தேன். அந்த வருஷம் மழை நேரத்துக்குப் பெய்திருந்தது, பதரே இல்லை, குவியல் ஆள் உயரத்துக்கு எழும்பியது. அவ்வளவு நெல்லை அப்பா அதற்கு முன்னர் கண்டதில்லை. நான் களத்துக்குள் கால் வைக்காததால்தான் அந்த நெல் கூளி கையில் போகாமல் நின்றது என்று அவர் இன்றைக்கும் நம்புகிறார்.